தென்னை நிழலில் திப்பிலி: கோடைத் தண்ணீரைக் கணக்கிட்டு நடுங்கள்

இராஜபாளையம் அய்யனார் கோவில் சாலையிலும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு செல்லும் வழியிலும் மலையடிவாரத்தை ஒட்டித் தென்னந்தோப்புகள் உள்ளன. 25 அடிக்கு ஒரு மரமாக நட்ட தோப்பில் ஏக்கருக்கு சுமார் 70 மரங்கள் நிற்கும். மரத்தைச் சுற்றி 6 அடியை அதன் வேருக்கென்று விட்டுவிட்டாலும், இரு வரிசைகளுக்கு நடுவே 13 அடி அகலத்துக்கு நிலம் மிஞ்சுகிறது. பல தோப்புகளில் அந்த இடத்தில் கோரையும் பார்த்தீனியமும்தான் விளைகின்றன. அவற்றை அழிக்க உழவுக் கூலி வேறு. தேங்காய் விலை இறங்கும் காலத்தில் சிறு விவசாயி அந்த 13 அடியில் ஒரு வருமானம் தேடுவது நியாயமே.

அப்படித் தேடும்போது காதில் விழும் பெயர்களுள் ஒன்று திப்பிலி. சுக்கு, மிளகு, திப்பிலி என்று திரிகடுகத்தில் மூன்றாவதாக நிற்கும் அதே சரக்குதான். மிளகின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் மிளகைப் போல மரம் ஏறி உயரப் போகாமல் தரையிலேயே படரும். கணு மண்ணில் பட்ட இடத்தில் வேர் விட்டு, வெற்றிலை போன்ற இலைகளால் நிலத்தை மூடிக்கொள்ளும். நேர் வெயில் ஆகாது. கால் பங்கு முதல் பாதி வரை நிழல் வேண்டும். ஆகவே தென்னந்தோப்புக்கு ஏற்ற தரைமூடிப் பயிர் என்று பரிந்துரைக்கப்படுகிறது. பரிந்துரை தவறல்ல. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

திப்பிலியில் பெயர் பெற்ற ரகமான ‘விஸ்வம்’ கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. சாகுபடி முறைகளும் பெரும்பாலும் அங்கே வகுக்கப்பட்டவை. கேரளத்தில் ஆண்டுக்கு சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. விருதுநகர் மாவட்டத்தில் சுமார் 800 மில்லிமீட்டர்; அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். மலையின் அந்தப் பக்கத்துக்கு எழுதிய பரிந்துரையை இந்தப் பக்கத்தில் அப்படியே இறக்கினால் நஷ்டப்படுகிறவர் விவசாயிதான்.

கணக்கு எளிது. இங்கே திப்பிலி நட ஏற்ற காலம் புரட்டாசி. நட்ட ஆறாவது மாதம் பூங்கதிர் வரத் தொடங்கும், அதாவது பங்குனி. கதிர் முற்ற மேலும் இரண்டு மாதம்; அதாவது வைகாசி. பயிர் காசு தரும் நேரமும் கிணறு வற்றும் நேரமும் ஒன்றாக வருகின்றன. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வாரம் ஒரு தண்ணீர் தென்னைக்குப் போக மிச்சமிருக்குமா என்பதே முதல் கேள்வி. சென்ற மூன்று கோடைகளில் கிணற்றில் எத்தனை அடி நின்றது என்று நினைவுபடுத்திப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். மிச்சமில்லை என்றால் திப்பிலியை மறந்துவிட்டு, மழைக்காலத்தில் மரத்துக்கு 50 கிராம் சணப்பையோ தக்கைப்பூண்டோ வட்டப்பாத்தியில் விதைத்துப் பூக்கும் முன் மடக்கி விடுவதே மேல். அதுவும் தரையை மூடும், மரத்துக்கும் உரமாகும்.

தண்ணீர் உள்ளவரும் முதல் ஆண்டில் 5 சென்டுக்கு மேல் போக வேண்டாம். இரண்டடிக்கு இரண்டடி நட்டால் 5 சென்டுக்கு ஏறக்குறைய 540 செடிகள் பிடிக்கும்.

தோப்பிலும் இடம் பார்த்து நட வேண்டும். சுமார் எட்டு வயது முதல் இருபது வயது வரையிலான தென்னையின் கீழ் இருட்டு அதிகம். அங்கே கொடி ஓடும், கதிர் பிடிக்காது. இருபத்தைந்து வயது தாண்டி உயர்ந்த மரங்களின் கீழே, வெயில் புள்ளி புள்ளியாக விழும் இடமே சரி. இன்னொரு கவனம். 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்டுப் பின்னர் பரவிய சுருள் வெள்ளை ஈ, தென்னை ஓலையின் அடியிலிருந்து தேன் போன்ற கழிவைக் கீழே சொட்டுகிறது. அது விழுந்த ஊடுபயிரின் இலைமேல் கரும்பூசணம் படர்ந்துவிடும். அத்தகைய மரங்களின் கீழ் திப்பிலியை வைத்துவிட்டு இலை கறுத்துப் போயிற்றே என்று மருந்தடிப்பதில் பயனில்லை.

நடவுக்கு மூன்று முதல் ஐந்து கணு உள்ள கொடித் துண்டுகளை ஆடி மாதத்தில் மண், மணல், மட்கிய எரு கலந்த பைகளில் ஊன்றி நிழலில் வைத்தால், புரட்டாசிக்குள் வேர் பிடித்துவிடும். திப்பிலியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கதிர் குட்டையாகவும் பருமனாகவும் இருக்கும். ஆண் கதிர் நீண்டு ஒல்லியாக இருக்கும். சந்தையில் விலை போவது பெண் கதிர். இலையைப் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். ஆகவே கதிர் நிற்கும் கொடியைக் கண்ணால் பார்த்து, அதிலிருந்து வெட்டிய துண்டை மட்டுமே வாங்க வேண்டும். கதிரைக் காட்டாத நாற்றுக்காரரிடம் பேரம் பேசவே தேவையில்லை. மலையில் தானாக வளர்ந்த கொடி கிடைக்குமே என்று காட்டுக்குள் போவதும் கூடாது. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம்.

மழைக்கு முன் மேட்டுப்பாத்தி அமைத்து, நீர் வடிய வாய்க்கால் விட வேண்டும். 5 சென்டுக்கு 400 கிலோ மட்கிய தொழு உரம் போதும். மண்வெட்டியை ஆழமாகப் போட்டால் தென்னையின் வேர் அறுபடும். மேலாகக் கொத்தினால் போதும். திப்பிலிக்கு ஈரம் வேண்டும், ஆனால் தேங்கிய நீர் எமன். ஐப்பசி அடைமழையில் இலையும் தண்டும் அழுகுவது இதனால்தான். 1 சத போர்டோ கலவை தெளித்தால் கட்டுப்படும்: 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் நீரிலும் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்கி, அன்றே தெளித்துவிட வேண்டும். பூச்சிக்கு 5 சத வேப்பங்கொட்டைச் சாறு. மருந்துக்குப் போகும் சரக்கில் கடும் விஷம் அடிப்பது பாவம் என்பது ஒரு புறம் இருக்க, வாங்குகிறவரும் திருப்பி அனுப்புவார்.

முதல் ஆறு மாதம் களையெடுப்பு உண்டு. பிறகு கொடியே தரையை மூடிக் களையை அமுக்கிவிடும். கோடையில் தென்னஓலைச் சருகையும் மட்டைக் கழிவையும் கொடிகளுக்கிடையே பரப்பினால் ஈரம் நிற்கும். காய் வெட்டும்போது மேலிருந்து விழும் குலையும் மட்டையும் பாத்தியைத் துவைத்துவிடும் என்பதால், மரத்தடியில் ஆள் நடக்கவும் குலை விழவும் இடம் விட்டே பாத்தி போட வேண்டும். இதைக் கவனிக்காத தோப்பில் இரண்டு வெட்டுக்குள் பயிர் பாழாகும்.

கதிர் பழுத்தால் காரம் போய்விடும். கரும்பச்சை நிறம் வந்து விறைப்பாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். தார்ப்பாயிலோ சுத்தமான சிமென்ட் களத்திலோ நான்கைந்து நாள் காய வைத்தால், 10 கிலோ பச்சைக் கதிர் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ சரக்காகும். காயாமல் மூட்டை கட்டினால் பூசணம்.

கேரளக் கணக்குப்படி எக்டேருக்கு முதல் ஆண்டில் 400 கிலோவும் மூன்றாம் ஆண்டில் 1,000 கிலோவும் உலர்ந்த திப்பிலி கிடைக்கும். அதை 5 சென்டுக்குச் சுருக்கினால் முதல் ஆண்டு 8 கிலோ, மூன்றாம் ஆண்டு 20 கிலோ. நம் வறட்சியில் அதிலும் குறையலாம். ஏக்கருக்கு லட்சம் லட்சமாக வரும் என்று பேசி நாற்று விற்கிறவர்கள் இந்த எண்களைச் சொல்வதில்லை. விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்வோம் என்ற வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுப்பது, மருந்துச் செடிகளின் பெயரால் நம் மாநிலத்தில் ஏற்கெனவே பலர் பட்ட அவதி. இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்தும் திப்பிலி இறக்குமதியாவதால் இங்கே விலை நிலையாக நிற்பதில்லை. எனவே நடும் முன்பே, மதுரையிலோ விருதுநகரிலோ உள்ள நாட்டு மருந்துச் சரக்கு வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம், எந்த அளவுக்குக் குறையாமல் வாங்குவார்கள், என்ன விலைக்கு என்று கேட்டுவிட வேண்டும். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்கள் நான்கு பேர் 5 சென்ட் வீதம் நட்டுச் சரக்கைச் சேர்த்து அனுப்பினால் பேரத்துக்கு ஒரு பிடி இருக்கும்.

மூன்றாம் ஆண்டு முடிவில் விளைச்சல் இறங்கும். அப்போது கொடியை அழித்துப் புதிதாக நட வேண்டும். அழிக்கும் கொடியை எருக்குழியில் போட்டுவிடாதீர்கள். வேரும் பருத்த தண்டும் திப்பிலி மூலம், கண்டந்திப்பிலி என்று தனி விலைக்குப் போகும் சரக்கு. மண் போகக் கழுவி, இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, தடித்ததை வேறு, மெலிந்ததை வேறாகப் பிரித்து உலர்த்த வேண்டும்.