குளம் வற்றிய தேதி

“குளத்துல சொட்டுத் தண்ணி இல்லீங்க, இந்தத் தடவை போகணுமா?” கோடை பிறந்தால் இந்தக் கேள்வி நம் இதழுக்குத் தொலைபேசியில் வந்துவிடும். கேட்பவர் பறவை கணக்கெடுப்பவராக இருப்பார், இல்லையென்றால் பாசன சங்கத்துக்காரர், சில சமயம் கல்லூரி விலங்கியல் ஆசிரியர். திண்டுக்கல் பக்கத்திலிருந்துதான் அதிகம் வரும். “வேண்டாம், மழை விழட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்றே இத்தனை நாளும் சொல்லி வந்தோம். அது தப்பான பதில் என்று இப்போது தோன்றுகிறது.

ஏன் தப்பு என்பதற்கு அந்த ஊரின் நில அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். தென்மேற்கே பழனி மலை, தென்கிழக்கே சிறுமலை. நடுவில் கிடக்கும் திண்டுக்கல் சமவெளி மழை மறைவுப் பகுதி. ஆண்டு மழை 800 மி.மீ. சொச்சம், அதில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விழுந்தாக வேண்டும். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. குடகனாறு பழனி மலையின் கீழ்ச்சரிவில் பிறந்து, ஆத்தூர் வழியாக வடக்கே வேடசந்தூரைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு சேர்கிறது. சிறுமலையிலிருந்து வரும் சந்தனவர்த்தினி அதற்குத் துணை. மழை நாட்களில் மட்டும் ஓடும் இந்த ஆறுகளையும் காட்டாற்று ஓடைகளையும் நம்பித்தான் குளத்துக்குக் குளம் மறுகால் பாயும் சங்கிலிகளை முன்னோர் கட்டினார்கள். ஆழமாக வெட்டவில்லை, கரையை நீட்டி, தண்ணீரை அகலப் பரப்பினார்கள். மார்கழியில் நிறைந்து, தையிலும் மாசியிலும் மடை திறந்து, சித்திரை வைகாசியில் தரை தெரிய வேண்டும். அதுதான் அந்தக் குளத்தின் வேலை. வற்றுவது அதற்கு நோய் இல்லை.

இதை ஊர்க்காரர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். நத்தம், சாணார்பட்டிப் பக்கம் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முழங்கால் அளவுக்குத் தண்ணீர் இறங்கியதும் ஊர் கூடி நாள் குறிக்கும். விடிவதற்கு முன்பே சுற்றுப்பட்டு ஜனம் கரையில் வந்து குந்தியிருக்கும். பெரியவர் ஒருவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசிய மறு நொடி, நூற்றுக்கணக்கான பேர் ஊத்தா, கச்சா, கொசுவலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு இறங்குவார்கள். ஊத்தாவைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவும்போது விரலில் முதலில் படுவது வழவழப்பு. கெளுத்தியாக இருந்தால் அடுத்தது வலி. விரால், குரவை, கெண்டை, ஜிலேபி. பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும் என்று பல ஊர்களில் கட்டுப்பாடு உண்டு. பத்து மணிக்குள் குளம் கலங்கிய சேறாகிவிடும். ஜனம் போன பிறகு வருகிறவற்றைத்தான் நம்மில் பலர் பார்ப்பதில்லை. மிச்சம் பொறுக்க நத்தைகுத்தி நாரையும் கொக்கும் அரிவாள் மூக்கனும் அந்தச் சேற்றில் மணிக்கணக்காக நிற்கும். இன்னும் காய்ந்து வெடிப்பு விட்டதும் ஆட்காட்டி நாலு முட்டையை வெறும் தரையில் வைத்துவிட்டு, பக்கத்தில் போகிறவரை எல்லாம் திட்டித் தீர்க்கும்.

வெடிப்புக்குக் கீழே இருப்பது வேறு உலகம். நன்னீர் நத்தை ஓட்டு மூடியை இறுக்கிக்கொண்டு மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். ஆமையும் குழி பறிக்கும் தவளையும் ஈரம் தேடி இறங்கியிருக்கும். அல்லி, கொட்டி, கோரைக் கிழங்குகள் தூங்கும். கண்ணுக்குத் தெரியாத நீர்த்தெள்ளுகளின் கெட்டி ஓடு போட்ட முட்டைகள் அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். காற்றுப் பட்டு மட்கும் வண்டலிலிருந்து சத்து வெளிப்படுவதால்தான் முதல் மழைக்குப் பிறகு குளம் அத்தனை வேகமாகப் பச்சை பிடிக்கிறது.

ஆக, வற்றுவது வேறு, வறள்வது வேறு. வற்றிய குளம் திரும்பி வரும். வறட்சியில் ஒரு மழைக்காலம் முழுக்க நிரம்பாமலே போன குளம், இரண்டாம் ஆண்டும் நிரம்பாவிட்டால், என்ன ஆகிறது? மண்ணுக்குள் கிடந்த முட்டைகளில் எத்தனை தாங்கும்? நம்மிடம் பதில் இல்லை. பதில் இல்லாததற்குக் காரணம், நாம் அந்த ஆண்டுகளில் போகவில்லை என்பதுதான்.

2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை மாநிலத்துக்குத் தந்தது 168 மி.மீ.; சராசரி 440. அறுபது விழுக்காட்டுக்கு மேல் பற்றாக்குறை. 2017 ஜனவரி 10 அன்று அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. திண்டுக்கல் நகருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் கைவிட்டது. தெருக்களில் குடங்கள் வரிசையில் நின்றன. குடிநீர்த் தட்டுப்பாடு பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகப் பதிவாகியிருக்கிறது. குளங்களின் கதை மட்டும் எங்கும் இல்லை. எந்தக் குளம் எந்த வாரம் வற்றியது, எது ஆவணியில் ஒரு மழைத் தண்ணீரையாவது பிடித்தது, 2017-இன் இறுதியில் மழை வந்தபோது எந்தெந்தக் குளத்தில் நத்தையும் அல்லியும் திரும்பின? நம் பழைய இதழ்களையும் புரட்டிப் பார்த்தோம். அந்த ஒன்றரை ஆண்டில் திண்டுக்கல் குளங்களைப் பற்றி ஒரு குறிப்புகூட இல்லை. வெட்கமாக இருந்தது.

காலநிலை மாற்றம் பற்றிப் பேசும்போது இந்த ஓட்டைதான் நம்மைக் குத்துகிறது. ஒரே ஒரு வறட்சியைக் காட்டி ‘பார், காலநிலை மாறிவிட்டது’ என்று சொல்வது நம் துறைக்கு அழகில்லை. 2016-இல் பசிபிக்கில் மெல்லிய லா நினா, இந்தியப் பெருங்கடலில் எதிர்மறை இருமுனை. நம் வடகிழக்கு மழைக்கு இரண்டும் ஆகாதவை. செய்தித்தாள்களில் வில்லனாக வரும் எல் நினோ பெரும்பாலும் நமக்கு ஐப்பசி மழையைக் கூட்டியே கொடுக்கும். தென்மேற்குப் பருவமழையைத்தான் கெடுக்கும். வறண்ட ஆண்டு இந்தச் சமவெளிக்குப் புதிதுமில்லை. இதே குடகனாற்றில் வேடசந்தூர் அருகே கட்டிய அணை 1977-இல் வெள்ளம் மேலேறி உடைந்தது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். பஞ்சமும் வெள்ளமும் இங்கே பங்காளிகள்.

மாறிக்கொண்டிருப்பது இவற்றின் அடியில் இருக்கும் தரை. 2021-இல் வெளிவந்த பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் அறிக்கைப்படி புவி ஏற்கனவே சுமார் 1.1 டிகிரி சூடாகியிருக்கிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். மழை பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதற்கும், பெய்யாதபோது நிலத்தை உறிஞ்சுவதற்கும் காரணம் ஒன்றே. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். குளத்துக்கு இது எப்படிப்பட்ட செய்தி? நாற்பது நாள் பரவலாக வரும் தண்ணீரை மூன்று நாளில் கொடுத்தால் குளம் நிரம்பும், கலுங்கு பாயும், மிச்சம் அமராவதிக்குப் போகும். அதன் பிறகு நிரப்ப ஆளில்லை. உள்மாவட்டக் கோடையில் திறந்த நீர்ப்பரப்பு நாளைக்கு ஆறேழு மி.மீ. ஆவியாகக் கொடுக்கும், மாதத்துக்கு 20 செ.மீ. சராசரி ஒரு மீட்டர் நின்ற குளம், ஒருவரும் மடையைத் தொடாமலே ஐந்து மாதத்தில் தீர்ந்துவிடும். வெயில் கூடினால் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும். எத்தனை நாள் சுருங்கியிருக்கிறது? குளம் வற்றிய தேதிகள் முப்பது ஆண்டுக்கு இருந்தால் சொல்லலாம்.

வெயில் மட்டும் குற்றவாளி என்று விட்டுவிடவும் முடியாது. மாவட்டத்தின் பல குறுவட்டங்கள் நிலத்தடி நீர் மிகை நுகர்வுப் பட்டியலில் நிற்கின்றன. அடியில் கெட்டிப் பாறை. மேல்மண்ணில் இருந்த ஊற்று இறங்கிப்போய் ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போகிறது. கிணற்று மட்டம் மேலே இருந்த காலத்தில் குளத்துத் தண்ணீர் நின்று நிதானமாக இறங்கியது. இன்று அதே குளம் ஓட்டைப் பானை. ராஜவாய்க்கால் பிரியும் இடத்தில் குடகனாற்றுத் தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்று மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் மோதிக்கொள்ளும் தகராறு ஆண்டுக்கணக்காக நீள்கிறது. இரு பக்கமும் விவசாயிகள். இரு பக்கமும் நியாயம். கொக்குக்கும் நத்தைக்கும் அங்கே வாதாட ஆளில்லை என்பதை மட்டும் குறித்துவைப்போம்.

நகரத்தை ஒட்டிய குளங்களுக்கு இன்னொரு சுமை. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் ஆலைகள் பற்றித் தீர்ப்பளித்தபோது, அதில் பேசப்பட்ட மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. அந்த ஆலைக் கழிவால் உப்பும் குரோமியமும் ஏறிய மண்ணில் தண்ணீர் வற்ற வற்ற மிச்சமிருக்கும் குட்டையில் உப்பு திரளும். அங்கே கோடைத் தண்ணீரைச் சோதிக்காமல் ஜனவரித் தண்ணீரைச் சோதித்து நல்ல சான்றிதழ் கொடுப்பது ஏமாற்று வேலை.

சட்டத்துக்கு வருவோம். 1971-இன் ராம்சர் உடன்படிக்கையின் வரையறையில் இயற்கையானதும் செயற்கையானதும், நிரந்தரமானதும் தற்காலிகமானதும் எல்லாமே ஈரநிலம். இஸ்ரோவின் ஈரநில வரைபடத்திலும் குளம் குட்டைகள் இடம்பெறுகின்றன. ஆனால் நம் 2017 ஈரநில விதிகள், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் கட்டியவற்றை வரையறையிலிருந்தே கழற்றிவிட்டன. வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் வடுவூரும் ராம்சர் பட்டியலில் ஏறியதால் தப்பித்தன. திண்டுக்கல் மாவட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. எனவே காகிதத்தில் அங்குள்ள குளங்கள் ஈரநிலமும் இல்லை, வறண்டுவிட்டால் சிலர் கண்ணுக்குக் குளமும் இல்லை. குளத்துக்கு மிகவும் ஆபத்தான பருவம் வறட்சிதான்: பட்டா கேட்கும் மனுவும், குப்பை லாரியும், உள்வாயில் நடப்படும் வேலிக்கல்லும் அப்போதுதான் வருகின்றன.

தூர்வாருதலும் அப்போதுதான். 2017-இல் குடிமராமத்து மீண்டும் உயிர்பெற்றது, வண்டலைக் கட்டணமின்றி எடுக்க அனுமதி கிடைத்தது, இரண்டும் நல்லவையே. கரம்பை வண்டி வண்டியாகக் காட்டுக்குப் போவது பழைய வழக்கம். ஆனால் மண்வெட்டியும் கூடையும் வாரிய இடத்தில் இப்போது பொக்லைன் இறங்குகிறது. குளத்தின் சரிவைக் குழிகளாக மாற்றி, அடிக்களியைக் கிழித்துச் சரளையைத் தொட்டுவிட்டால், அந்தக் குளம் இனி எந்த மழையிலும் நிற்காது. முட்டையும் கிழங்கும் நத்தையும் லாரியில் ஏறிப்போயிருக்கும். நம் வாசகர்களில் பொறியாளர்கள் கணிசம் என்பதால் வெளிப்படையாகவே கேட்கிறோம்: வேலைத் திட்டத்தில் உள்வாயின் ஒரு பக்கத்தையாவது கை வைக்காமல் விடுங்கள். களி எங்கே முடிகிறது என்று குழி தோண்டிப் பார்த்த பிறகு இயந்திரத்தை இறக்குங்கள்.

வறண்ட இடத்தைக் கணக்கில் விடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. உலகெங்கும் 196 வறண்ட நீர்நிலைப் படுகைகளில் அளந்து 2020-இல் வந்த ஓர் ஆய்வு, அவற்றிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவை உலகக் கணக்கில் முறையாகச் சேர்க்கவில்லை என்று சுட்டியது. நம் பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியை ஒட்டியே நடக்கிறது. குளம் மிக நன்றாக இருக்கும் நாளில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

அடுத்த இதழ் தொடங்கி ஒரு பக்கத்தை வற்றிய குளங்களுக்கு ஒதுக்குகிறோம். கருவி எதுவும் வேண்டாம். குளத்தின் பெயர், ஊர். தண்ணீர் மடைக்கு எட்டாமல் போன நாள். கடைசிக் குட்டை காய்ந்த நாள். மறுபடி தண்ணீர் வந்த நாள். முடிந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று எடுத்த புகைப்படம். ஒன்றுமே இல்லை என்றால் ‘ஒன்றுமில்லை’ என்றே எழுதுங்கள், தேதியோடு. மடையைப் பார்த்துக்கொண்ட குடும்பத்துப் பெரியவர்கள் ஊரில் இருந்தால், 2017-இலும் அதற்கு முந்தைய பஞ்ச ஆண்டுகளிலும் குளம் எப்போது காய்ந்தது என்று கேட்டு அதையும் சேர்த்து அனுப்புங்கள். அஞ்சலட்டை போதும். திண்டுக்கல்லிலிருந்து வரும் முதல் அட்டையை அப்படியே அச்சிடுவோம்.