முதல் 'பேஸி'ல் நிற்பது யார்?

பேஸ்பால், அமெரிக்கர்களின் மட்டைப்பந்து ஆட்டம். பந்தை அடித்தவர் முதலில் ஓடிச் சேரவேண்டிய இடம்தான் 'முதல் பேஸ்'. அவர் வந்து சேருமுன், அங்கே காவல் நிற்பவர் கைக்குப் பந்து வந்துவிட்டால், அடித்தவர் 'அவுட்'!

இந்தக் காவல் யாருக்கு என்ற தகராறில், 2025-ம் ஆண்டு பாஸ்டன் ரெட்சாக்ஸ் அணி தன் நட்சத்திர வீரரையே இழந்தது.

கையுறை தகராறு

அவர் பெயர் ரபேல் டெவர்ஸ். மூன்றாவது பேஸ் காவலர். 10 ஆண்டு ஒப்பந்தம். சம்பளம் 31 கோடியே 35 லட்சம் டாலர்!

பிப்ரவரியில் அவர் இடத்துக்கு அலெக்ஸ் பிரெக்மன் வந்தார். டெவர்ஸ் பந்தை அடித்தால் போதும் என்றது நிர்வாகம். மனக்கசப்போடு ஒப்புக்கொண்டார்.

மே 2-ந்தேதி, முதல் பேஸ் வீரர் காசாசுக்கு முழங்காலில் பலத்த காயம். நிர்வாகம் டெவர்சைக் கேட்டது. அவர் மறுத்துவிட்டார். கையுறையைக் கழற்றச் சொன்னவர்களே மறுபடி மாட்டச் சொல்லலாமா என்பது அவர் வாதம். அணி முதலாளி ஜான் ஹென்றி நேரில் போய்ப் பேசினார். பலன் இல்லை. ஜூன் 15-ந்தேதி டெவர்ஸ் சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார்.

நின்றாரே!

ஜூலையில் அங்கே அதே டெவர்ஸ் முதல் பேஸில் நின்றார்!

பாஸ்டன் அணி அவர் இல்லாமலே இறுதிக் கட்டப் போட்டிகளுக்குத் தகுதி பெற்றது. ஜயன்ட்ஸ் பெறவில்லை. அதனால் நிர்வாகம் செய்தது எல்லாம் சரியாகிவிடுமா?

அவசரத்துக்குத் தோள் கொடுப்பது வீரரின் கடமை. சொன்ன சொல்லைக் காப்பது நிர்வாகத்தின் கடமை. பாஸ்டனில் இரண்டுமே தவறின.