செல்லரிக்கும் அறிவியல் தமிழ்

ஆங்கிலம் அறிவியலுக்கென்றே அமைந்த மொழி என்றும், அதன் துறைச்சொற்களை அப்படியே எடுத்தாள்வதன்றித் தமிழுக்கு வேறு வழியில்லை என்றும் கூறுவார் தமிழ்நாட்டில் இன்றும் உளர். அன்னார் போற்றிக் காக்கும் சொற்களுள் ஒன்றாகிய ‘செல்’ என்பதன் வரலாற்றை நோக்கினாலே அக்கூற்றின் வெறுமை விளங்கும்.

சிற்றறையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது அது. ஆங்கிலத்தில் துறவியர் உறையும் அறையையும், சிறையறையையும், தேனடையின் அறையையும் குறித்து வழங்கிற்று. 1665ஆம் ஆண்டில் இராபர்ட்டு ஊக்கு என்னும் ஆங்கில அறிஞர், தக்கைச் சீவலொன்றை உருப்பெருக்கியில் வைத்து நோக்கினார். தேனடைபோற் காணப்பட்ட நுண்ணறைகளுக்கு அப்பெயரையே இட்டார். புதுச்சொல் தேடி அவர் வேற்றுமொழிக்கு ஓடவில்லை. வழக்கிலிருந்த எளிய சொல்லையே எடுத்தாண்டார்.

அவர் கண்டவை உயிரற்ற வெற்றறைகளே. நிலைத்திணையும் விலங்கும் அவ்வறைகளால் ஆனவை என்று 1838இல் சுலைடனும் 1839இல் சுவானும் எடுத்துரைத்தபின், அச்சொல் சுவரை விட்டு உள்ளிருக்கும் உயிர்ப்பொருளைச் சுட்டலாயிற்று. சுவரே இல்லாத குருதிச் சிவப்பணுவும் ஆங்கிலேயனுக்கு ‘அறை’தான்! மின்னைத் தரும் கலமும் அறை. கட்சியின் கமுக்கச் சிறு குழுவும் அறை. கம்பியில்லாத் தொலைபேசிக்கென நிலப்பரப்பை அறுகோணங்களாகப் பகுக்கும் முறையை அமெரிக்கப் பெல் ஆய்வகத்தார் 1947இல் எண்ணினர். அப்பகுதியும் அறையெனவே பெயர்பெற்றது. அதனாலன்றோ கையிலுள்ள பேசியைத் தமிழன் ‘செல்’ என்கின்றான்!

ஒரு சொல்லை இத்தனை பணிக்கு ஏவும் மொழியைச் சொல்வளத்திற்காகப் புகழ்வது வியப்பே. ஆங்கிலேயனிடம் இருந்தது தன் சொல்மேல் வைத்த நம்பிக்கை. ‘உயிரணு’ பொருந்தாது, ‘கண்ணறை’ முழுப்பொருள் தராது என்று தமிழ்ச்சொற்களை மட்டும் நிறுத்துப் பார்ப்போர், குருதியிலே அறையைக் காணும் ஆங்கிலத்தை ஒருநாளும் வினவுவதில்லை.

பொருள் விரியும் ஆற்றல் தமிழுக்குத் தொன்றுதொட்டே உண்டு. முகத்துறுப்பைக் குறிக்கும் ‘கண்’ என்னும் சொல் வலைக்கண், சல்லடைக்கண், ஊற்றுக்கண், மதகுக்கண், நகக்கண், முரசின்கண் எனப் படர்ந்துள்ளது. எவரும் மயங்கியதில்லை. தேனடையின் அறைக்குக் ‘கண்ணறை’ என்னும் பெயரும் உண்டு. ஊக்கு செய்ததைத் தமிழன் செய்யத் தடை யாது?

ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் ‘கலம்’, ‘கலச்சுவர்’ என்று எழுதுகின்றன. மின்கலத்தோடும் அஃது இயைகின்றது. தமிழ்நாட்டுப் பாடநூல்களோ ‘செல்’, ‘செல்சுவர்’ என்று அச்சிடுகின்றன. ஆங்கிலச் சிறுவனுக்கு அச்சொல்லோடு ஓர் அறை மனக்கண்முன் தோன்றக் கூடும். தமிழ்ச் சிறுவனுக்கோ ‘போ’ என்னும் ஏவலன்றி வேறொன்றும் தோன்றாது. கருத்தை உணராமல் ஒலியை உருப்போடுவான். பின்னர், தமிழ்வழியிற் படித்தவன் அறிவியல் அறியான் என்னும் பழியும் அவன்மேலேயே விழும்.

தமிழில் ‘செல்’ என்பதற்குக் கறையான் என்றும் பொருளுண்டு. முன்னோர் ஏடுகளுட் பல அதற்கு இரையாயின. ஓலையை அரித்த செல் அறியாமல் அரித்தது. பாடநூலை அரிக்கும் செல்லையோ நூலாக்குவோர் அறிந்தே குடியேற்றுகின்றனர்.

உயிர்க்குக் கண்ணறையோ கலமோ, மின்னுக்கு மின்கலம், பேசுதற்குக் கைப்பேசி எனத் துறைதோறும் தெளிவான சொல் தமிழில் உண்டு. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பாடநூல் யாப்போர் கூடி, உயிர்க்குரிய சொற்களுள் ஒன்றைத் தேர்ந்து இருவருக்கும் பொதுவாக்குதல் வேண்டும். அதுவரை, வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் தமிழ்ச்சொல்லை முன்வைத்துக் கருத்தை விளக்கிய பின்னரே அயற்சொல்லை அறிமுகப்படுத்துவாராக. அதற்கு அரசாணை ஏதும் வேண்டுவதில்லை.