மனைத் தூய்மை

சென்னையினின்று அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருநின்றவூரை அடுத்து வேப்பம்பட்டு என்னும் ஊர் உளது. எம் ஊர் அதுவே. பெயரில் வேம்பைத் தாங்கி நிற்கும் அவ்வூரின் மனைகளுட் புகுந்தால் நாம் காண்பது யாது? தரைக்கொன்று, கழிப்பறைக்கொன்று, கண்ணாடிக்கொன்று என அடுக்கிய வண்ணப் புட்டிகளே. மூக்கைத் துளைக்கும் நெடியே தூய்மைக்குச் சான்று என நம்மனோர் கருதுகின்றனர். இக்கருத்துப் பிழையுடைத்து என்பதே யாம் ஈண்டு உரைக்கப் புகுவது.

சென்ற கோடை விடுமுறையில் எம் அன்னையார், கழிப்பறைக் கறை நீங்காமை கண்டு, பிளீச்சிங் தூளைத் தூவி அதன்மேல் ஆசிட்டையும் ஊற்றினார். மறுகணமே இருமல் பற்றியது, கண்ணீர் பெருகியது, வெளியே ஓடிவந்து நெடுநேரம் திண்ணையில் சாய்ந்திருந்தார். அவ்விரண்டும் கலப்பின் குளோரின் வாயு எழும். 1915-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு ஈப்பர் போர்க்களத்தில் படைவீரரை மாய்த்த வாயுவும் அஃதே. காற்றோட்டமில்லாச் சிற்றறையில் குனிந்து தேய்க்கும் பெண்மக்களன்றோ அதனை முதற்கண் உட்கொள்கின்றனர்?

நம் முன்னையோர் பித்தளை துலக்கப் புளியைக் கொண்டனர்; புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும். எண்ணெய்ப் பாத்திரத்திற்குச் சாம்பலைக் கொண்டனர். அதன் காரம் பிசுக்கை நீக்கும். பட்டாடைக்குப் பூந்திக்கொட்டையின் நுரையும், சுவருக்குச் சுண்ணாம்பும், நெற்குதிருக்கு வேப்பிலையும் உதவின. இவற்றைப் பாமரர் வழக்கென இகழ்வார்க்கு ஒன்று கூறுதும். வேப்பெண்ணெயாற் பூஞ்சையை ஒழிக்கும் முறைக்கு, அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்தியர் முன்பே அறிந்த முறை அஃது என வந்தனா சிவா முதலியோர் வழக்காட, 2000-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுண்டது. பிறர் உரிமை கொண்டாட விழைந்த பொருளை நாம் மறத்தல் தகுமோ?

எனினும், இயற்கைப் பொருள் யாவும் தீங்கற்றன என்றல் பொருந்தாது. பூந்திக்கொட்டை நீர் கண்ணிற் பட்டால் எரியும். எலுமிச்சைச் சாறு சலவைக்கல்லை அரிக்கும். சாணத்தில் டெட்டனஸ் கிருமி இருத்தலும் கூடும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்குப் புளி உதவாது. ஆண்டுப் பிளீச்சிங் தூளே வேண்டும். 1847-இல் வியன்னா மருத்துவமனையில் செம்மெல்வைஸ் என்பார், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் மருத்துவரைக் கைகழுவச் செய்து, மகப்பெற்ற தாய்மார் பலரைக் காத்தனர். ஆகலின், நோயஞ்சும் இடத்து அம்மருந்தை அளவறிந்து, பிறிதொன்றோடு கலவாது வழங்குக. நாள்தோறும் கூடத்தைத் துடைக்க அஃது எற்றுக்கு?

இன்னும் ஒன்று உண்டு. புளியும் சாம்பலும் மிக்க உழைப்பை வேண்டுவன. மேடைதொறும் பழமையின் பெருமை முழங்கும் மாணவ நண்பருள், ஒரு குடத்தையேனும் தம் கையால் துலக்கினார் எத்துணையர்? புட்டியை விலக்கி, அதன் சுமையை அன்னையர் தோள்மேல் ஏற்றுதல் அறமாகாது. மனை அனைவர்க்கும் உரியதாயின், அதன் அழுக்கும் அனைவர்க்கும் உரியதே.

அவ்விடுமுறையின் எஞ்சிய நாள்களில் வீட்டுப் பித்தளைக் குடத்தை யாமே புளியிட்டுத் துலக்கினோம். முதல்நாள் கை சோர்ந்தது. குடத்தின் அடிப்புறம் கறுத்தே இருந்தது. அன்னையார் நகைத்து, இன்னும் சிறிது புளியைக் கையில் வைத்தார்.