யாரிடம் கற்பது?

குமணன்சாவடிச் சந்திப்பில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் இளைஞரின் தலைக்குமேல் கல்லூரி விளம்பரங்கள் தொங்குகின்றன. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளம் எவ்வளவு என்பன பெரிய எழுத்தில் இருக்கும். பாடம் சொல்பவர் யார் என்பது சிறிய எழுத்தில்கூட இராது. புலவனின் வறுமை தீரத் தன் தலையையே கொய்து கொள்ளுமாறு வாளை நீட்டிய வள்ளலின் பெயரை நினைவூட்டும் ஊரில், இன்று கல்வியின் விலைதான் உரக்கப் பேசப்படுகிறது.

பிள்ளை முதுகலைக்கு எங்கே சேர்வது என்பதை நம் குடும்பங்கள் மூன்று கேள்விகளால் தீர்மானிக்கின்றன. பெயர் பெரிதா? வேலை உறுதியா? வீட்டுக்கு அருகிலா? கடன் வாங்கிப் படிக்கவைக்கும் பெற்றோர் இவற்றைக் கேட்பதில் குற்றமில்லை. குற்றம், நான்காவது கேள்வியைக் கேட்காமல் விடுவதே: அங்கே யாரிடம் கற்பாய்? இளங்கலையில் ஒரு பாடத்தை அறிகிறோம். முதுகலையில் அப்பாடத்தில் சிந்திக்கப் பழகுகிறோம். அந்தப் பழக்கம் விளம்பரத்திலிருந்து வாராது, ஆசிரியரிடமிருந்தே வரும்.

தனிநாயகம் அடிகளை எண்ணிப் பாருங்கள். உரோமையில் முனைவர் பட்டம் பெற்ற குரு அவர். பெயரும் பதவியுமே வேண்டுமெனில் அதுவே போதுமாயிருந்தது. ஆனால் முப்பது வயதைக் கடந்தபின், 1945-இல், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் வகுப்பில் மாணவராக அமர்ந்தார். தமக்கு எது தெரியவில்லை என்பதை அறிந்து, அதைக் கற்பிக்கும் இடத்தைத் தேடிச் சென்றார். 1952-இல் அவர் தொடங்கிய ‘தமிழ்க் கல்ச்சர்’ ஆங்கில இதழும், 1966-இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாடும் அந்த வகுப்பறையில் ஊன்றிய வித்தின் விளைச்சல்கள்.

“அவர் துறவி, எங்களுக்குக் குடும்பம் இருக்கிறது” என்பர். குடும்பக் கணக்கையே பார்ப்போம். முன்பு முதுகலைக்குப்பின் எம்.பில். சேர்ந்து, ஆய்வு தமக்கு ஒத்துவருமா என்று ஓராண்டில் சோதித்துப் பார்க்க முடிந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் அப்படிப்பை நிறுத்திவிட்டன. எனவே அந்தச் சோதனை இப்போது முதுகலை ஈராண்டுகளுக்குள்ளேயே நடந்தாக வேண்டும். ஆய்வேடு எழுதப் பழக்காத துறையில் சேர்ந்தவர், வாயிலைத் தாண்டியபிறகே அது தவறான வீடு என்று உணர்வார். கடனோ அவரை விட்டு அகலாது.

ஆகவே, கட்டணம் செலுத்துமுன் ஒரு நாள் அத்துறைக்குச் சென்று வாருங்கள். நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு மாணவர் எழுதிய ஆய்வேடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். நூலகத்தில் மாணவர் அமர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் தனியே பேசுங்கள். இவற்றுக்கு மழுப்பாமல் விடை தரும் இடம் சிறிய கல்லூரியாயினும் சேரலாம். விடை தர மறுக்கும் இடம் எவ்வளவு புகழ் பெற்றதாயினும் விலகுக. பேருந்தில் இரண்டு மணி நேரம் கூடுதலாகச் செல்ல நேர்ந்தாலும், அது நல்லாசிரியருக்குக் கொடுக்கும் விலையில் மிகச் சிறியதே.