பெரிய ஆட்டக்காரர்கள் எந்த லீக்குக்குப் போகிறார்கள்?



நம் பழைய மாணவர் குழுவில் மூன்று நாளாக ஒரே சண்டை. பிரீமியர் லீக்கில்தான் பணம் கொட்டுகிறது, பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் போவார்கள் என்று ஒரு கட்சி. ஸ்பெயினுக்கு ஈடு எதுவும் இல்லை என்று இன்னொரு கட்சி. நடுவில் யாரோ "சாரைக் கேளுங்கடா" என்று எழுதிவிட்டார்கள். கேட்டால் சும்மா இருப்பேனா? முப்பது வருடம் கணக்கு நடத்தியவன். பதிவு நீளம்தான், டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு எண்ணிக்கை. பிரீமியர் லீக் தொடங்கியது 1992இல். அன்றிலிருந்து 2025 வரை, பாலன் டி ஓர் விருது வாங்கும்போது இங்கிலாந்து கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? மூன்றே பேர். 2001இல் மைக்கேல் ஓவன், 2008இல் கிறிஸ்டியானோ ரொனால்டோ, 2024இல் ரோட்ரி. இதில் ஓவன் 2004இல் கிளம்பிவிட்டார், ரொனால்டோ 2009இல் கிளம்பிவிட்டார். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே, ரியல் மாட்ரிட். 2009 முதல் 2018 வரை பத்து வருடம் அந்த விருது ஸ்பெயினை விட்டு வெளியே போகவே இல்லை.

அப்படியானால் இங்கிலாந்தில் பணம் குறைவா? நேர்மாறு. அங்கேதான் மற்ற எல்லா லீக்கையும்விடப் பணம் அதிகம். சம்பளம் அதிகம் தருகிற லீக்கும், உலகத்தின் முதல் ஆட்டக்காரன் போய்ச் சேருகிற லீக்கும் ஏன் வேறுவேறாக இருக்கின்றன? குழுவில் யாரும் கேட்காத கேள்வி இதுதான். பணம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் விடை வராது. அதை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் நடப்பது சமபந்தி. உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதியை 20 கிளப்புகளுக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள். கால் பங்கு பட்டியலில் பிடித்த இடத்துக்கு, கால் பங்கு எத்தனை ஆட்டம் டி.வி.யில் காட்டினார்கள் என்பதற்கு. வெளிநாட்டிலிருந்து வருகிற பணத்தில் பெரும்பகுதியும் சமப் பங்குதான். (அந்த வெளிநாட்டில் நாமும் சேர்த்தி. அங்கே மதியம் 12.30க்கு ஆட்டம் வைத்தால் நமக்குக் கோடையில் மாலை 5 மணி, குளிர்காலத்தில் 6 மணி. அந்த நேரம் நமக்குத் தோதாக இருப்பது அவர்களுக்கும் தெரியும்.) 2024-25 பருவத்தில் சவுதாம்ப்டன் 38 ஆட்டத்தில் இரண்டே இரண்டு வென்று கடைசி இடத்தில் கிடந்தது. அதற்கும் லீக்கிலிருந்து 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது. முதல் இலைக்கும் கடைசி இலைக்கும் வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை.

ஸ்பெயினில் 2015 வரை ஒவ்வொரு கிளப்பும் தன் ஒளிபரப்பு உரிமையைத் தானே விற்றுக்கொண்டது. ரியல் மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் தலைவாழை இலை, மற்றவர்களுக்கு மிச்சம் மீதி. அதற்குமேல் வரிச்சலுகை வேறு. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு 24 சதவீதம் மட்டும் வரி என்று 2005இல் ஒரு ஏற்பாடு வந்தது. டேவிட் பெக்கம் அதில் பலனடைந்தார் என்பதால் "பெக்கம் சட்டம்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஐரோப்பாவில் ஆட்டக்காரர்கள் பலரும் வரி போகக் கையில் எவ்வளவு வரும் என்றுதான் பேரம் பேசுவார்கள். கையில் 100 வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 சதவீத வரி என்றால் கிளப்புக்கு ஆகும் செலவு சுமார் 132. இங்கிலாந்தில் 2010இல் உச்ச வரி 50 சதவீதம் ஆனது. அதே 100க்கு அங்கே 200 எடுத்து வைக்க வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஆனால் 2010இலிருந்து புதிதாக வரும் பெருஞ்சம்பளக்காரர்களுக்கு அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் 2013இல் கேரத் பேல் போனார், 2023இல் பெல்லிங்ஹாம் போனார், 2024இல் எம்பாப்பே போனார். 2025இல் லிவர்பூலிலேயே பிறந்து அங்கேயே வளர்ந்த அலெக்சாண்டர்-ஆர்னால்ட் போனார். ஆகவே வரி மட்டும் காரணம் இல்லை. பல வருடம் ஒரே இடத்தில் குவிந்த பணமும் ஆட்களும் கோப்பையாக மாறிவிட்டன. 2024 வரை ரியல் மாட்ரிட்டிடம் 15 ஐரோப்பியக் கோப்பைகள். பிரேசில்காரருக்கும் அர்ஜென்டினாக்காரருக்கும் பேச்சும் வெயிலும் ஒத்துப்போகும் என்பது கூடுதல் சௌகரியம்.

சமபந்தியில் உட்கார்ந்தவனுக்குப் பட்டம் நிச்சயம் இல்லை. இங்கிலாந்தில் வாராவாரம் யாரும் யாரையும் அடிக்கலாம். பார்க்கிற நமக்கு அது கொண்டாட்டம். 28 வயதில், இன்னும் நான்கைந்து வருடத்தில் கோப்பை வாங்கியாக வேண்டும் என்று நினைக்கிற ஆட்டக்காரனுக்கு அது வயிற்றில் புளி. ஹாரி கேனைப் பாருங்கள். டாட்டன்ஹாமில் அத்தனை கோல் போட்டும் ஒரு கோப்பைகூட இல்லை. 2023இல் பயர்ன் மியூனிக் போனார். 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை ஜெர்மன் பட்டம் வென்ற கிளப் அது. அவர் போன முதல் வருடமே, வேண்டுமென்றே செய்ததுபோல, லெவர்குசன் ஓர் ஆட்டமும் தோற்காமல் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது! மனுஷன் 2025 வரை காத்திருந்துதான் முதல் பட்டத்தைக் கையில் வாங்கினார்.

இத்தாலிக் கதையை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1980 வரை வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கதவு சாத்தியிருந்த லீக் அது. திறந்ததும் உலகமே உள்ளே வந்தது. பிளாட்டினி யுவெண்டசுக்கு, மரடோனா அதுவரை ஒரு லீக் பட்டமும் வெல்லாத நாப்போலிக்கு. ஜிகோ போனது உதினேசேக்கு. உதினே சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். 1988இல் பாலன் டி ஓர் பட்டியலின் முதல் மூன்று இடமும் ஏ.சி. மிலான் ஆட்டக்காரர்களுக்கே. 1990இல் ஐரோப்பாவின் மூன்று கிளப் கோப்பைகளும் இத்தாலிக்கே.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் முதலாளிகளின் சட்டைப் பையிலிருந்து. பார்மாவுக்குப் பார்மலாட் பால் கம்பெனி, லாசியோவுக்குச் சிரியோ உணவுக் கம்பெனி. சிரியோ 2002இல் சரிந்தது, பார்மலாட் 2003இல் சரிந்தது. இரண்டு முறை யுவேஃபா கோப்பை வென்ற பார்மா கிளப், பிற்பாடு வேறு முதலாளிகளிடம் கைமாறி, 2015இல் திவாலாகி நான்காம் பிரிவிலிருந்து மறுபடி தொடங்கியது. மூட்டை தூக்குகிறவன் ஒருவனே என்றால் அவனுக்குக் காய்ச்சல் வரும் அன்று மூட்டை தெருவில்தான்.

அதனால்தான் நான் இங்கிலாந்துப் பங்கீட்டின் பக்கம். 2016இல் லெஸ்டர் பட்டம் வென்றதை அதிர்ஷ்டம் என்பவர்கள், காங்டேயும் மஹ்ரேசும் பிரான்சின் சின்னக் கிளப்புகளிலிருந்து வந்தவர்கள் என்பதை யோசிக்க வேண்டும். அப்படி ஆள் தேடவும், வந்தவர்களை வைத்துக்கொள்ளவும் கடைசி இலைக்காரனுக்கும் தெம்பு இருந்தது. முதல் நாலு பேரை ஸ்பெயின் கூப்பிட்டுக்கொள்கிறது என்றால், அடுத்த நானூறு பேர் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். ஒரு வகுப்பு நல்ல வகுப்பா என்று முதல் ரேங்க் வாங்கிய பையனை வைத்து நான் என்றைக்கும் சொன்னதில்லை. உங்களுக்கே தெரியும்.

ஆனால் அந்தச் சமபந்தி இங்கிலாந்துக் கடற்கரையோடு முடிந்துவிடுகிறது. இதுதான் எனக்கு உறுத்தல். போர்ன்மவுத் அரங்கில் சுமார் 11,000 பேர்தான் உட்கார முடியும். 2015இல்தான் முதல்முறை மேல் பிரிவுக்கு வந்த கிளப். 2024இல் அது போர்ச்சுகலின் போர்த்தோவிடமிருந்து எவானில்சனை வாங்கிக்கொண்டு போனது. போர்த்தோ யார்? 1987இலும் 2004இலும் ஐரோப்பியச் சாம்பியன். தன் நாட்டில் முதல் வரிசைக் கிளப், அயல்நாட்டின் நடுவரிசைக் கிளப்புக்கு நாற்றங்கால் ஆகிவிட்டது. டார்ட்மண்டில் 81,000 பேர் அரங்கை நிறைக்கிறார்கள், ஒரு பக்கத்தில் 25,000 பேர் நின்றுகொண்டே பாடுகிறார்கள். அவர்கள் கைதட்டி வளர்த்த ஹாலண்டும் பெல்லிங்ஹாமும் இன்று எங்கே? பிள்ளைகளை வளர்த்து வேறு ஊருக்கு அனுப்புகிற வேலையை நானும் செய்தவன்தான், அதில் சந்தோஷம் உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு யாரும் பட்டம் ஜெயிக்கும் ஆசையோடு டிக்கெட் வாங்கி வருவதில்லை.

2021 ஏப்ரலில் 12 பெரிய கிளப்புகள் சூப்பர் லீக் என்று தனிக்கடை போடப் பார்த்தார்களே, நினைவிருக்கிறதா? ரசிகர்கள் தெருவுக்கு வந்ததும் ஆறு இங்கிலாந்துக் கிளப்புகளும் இரண்டு நாளில் பின்வாங்கின. பிடிவாதமாக நின்றவை ரியல் மாட்ரிட், பார்சிலோனா, யுவெண்டஸ். இங்கிலாந்துப் பணத்தைத் தன் நாட்டு லீக்கை வைத்து எட்ட முடியாது என்ற பயம் அவற்றுக்கு. பயம் நியாயமானது, வழிதான் மோசம். கீழே இருப்பவனுக்குக் கதவைச் சாத்திவிட்டுப் பணக்காரர்கள் மட்டும் பந்தி போட்டால் ஐரோப்பாவில் இன்னும் பத்துப் போர்த்தோக்கள் நாற்றங்கால் ஆகும். சாம்பியன்ஸ் லீக் பணத்தைச் சின்ன லீக்குகளுக்கு இப்போதையைவிட நிறையப் பிரித்துக் கொடுப்பதுதான் மருந்து என்பது என் கட்சி.

இதற்கு எதிர்வழக்கு ஒன்று இருப்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் அக்கா பேரன் சும்மா விடமாட்டான். எர்லிங் ஹாலண்ட் 2025 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டியோடு 2034 வரை ஒப்பந்தம் போட்டிருக்கிறார். அந்த வயதில், அந்த உயரத்தில் இருக்கிற ஒருவர் இங்கிலாந்தில் அத்தனை வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவது அபூர்வம். மாட்ரிட் கூப்பிட்டால் என்ன செய்வார் என்று பார்ப்போம். போவார் என்றுதான் நினைக்கிறேன்.

மறுப்பவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். கோல் வீடியோ மட்டும் அனுப்பாதீர்கள், என் போனில் இடமில்லை.