ரூலெட் சக்கரத்தை மனப்பாடம் செய்தால் ஜெயிக்க முடியுமா? ரம்மிக்கு கைகொடுத்த 'ஞாபக சக்தி' இதற்கு ஏன் உதவாது?

0, 32, 15, 19, 4, 21, 2, 25...

பார்த்தால் தாறுமாறாக எழுதிய எண்கள் மாதிரி இருக்கும். ஆனால் கோவா கப்பலில் இருக்கும் கேசினோவிலும் சரி, செல்போனில் 'லைவ் கேசினோ' என்று வரும் விளம்பரத்திலும் சரி, ஒற்றைப் பூஜ்ஜியம் உள்ள ரூலெட் சக்கரத்தில் எண்கள் இந்த வரிசையில்தான் இருக்கும். இதை மனப்பாடம் செய்ய 'ஈஸி டிரிக்ஸ்' சொல்லும் வீடியோக்கள் இணையத்தில் நிறைய. அந்த டிரிக்ஸ் பெரும்பாலும் உண்மையிலேயே வேலை செய்யும். மனப்பாடம் ஆகிவிட்டால் ஜெயித்துவிடலாம் என்று அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பேச்சுதான் பிரச்சினை.

சக்கரத்தில் ஒளிந்திருக்கும் ஒழுங்கு

சக்கரத்தில் மொத்தம் 37 குழிகள். 1 முதல் 36 வரை பாதி சிவப்பு, பாதி கறுப்பு. பூஜ்ஜியம் மட்டும் பச்சை. பந்து எங்கே விழும் என்று யாரும் ஊகிக்கக் கூடாது என்பதற்காக பெரிய எண், சின்ன எண், ஒற்றை, இரட்டை எல்லாவற்றையும் கலந்து அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் எதையும் சமமாகக் கலக்கப் போனால் அதுவே ஒரு ஒழுங்காகிவிடும்.

பூஜ்ஜியத்தை மேலே வைத்து சக்கரத்தை இரண்டாகப் பிரித்தால் விஷயம் புரியும். வலது பக்கம் 32-ல் தொடங்கி 10 வரை 18 எண்கள். இதில் சிவப்பு எல்லாமே 19-ம் அதற்கு மேலும். கறுப்பு எல்லாமே 18-க்குள். இடது பக்கம் 5-ல் தொடங்கி 26 வரை 18 எண்கள். இங்கே அப்படியே தலைகீழ்: சிவப்பு எல்லாம் சின்னது, கறுப்பு எல்லாம் பெரியது. சக்கரம் முழுக்க பெரியது, சின்னது, பெரியது, சின்னது என்று மாறி மாறித்தான் போகும். 10, 5 என்ற ஒரே ஒரு இடத்தில்தான் இரண்டு சின்ன எண்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். அந்த இடம் பூஜ்ஜியத்துக்கு நேர் எதிரே, இரண்டு பாதிகளும் சந்திக்கும் மூலை.

இது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

நெய்வேலிக்காரர்களுக்கு இது புதுசில்லை

எண்களால் ஆன வரைபடத்தை மண்டைக்குள் வைத்திருப்பது எப்படி என்று நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களிடம் கேட்கலாம். 1956-ல் தொடங்கிய நிலக்கரி நிறுவனத்துக்காகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர் அது. தெருப் பெயரை விட எண்தான் அங்கே முகவரி. 'வட்டம் 11', 'வட்டம் 21' என்றால் ஆட்டோக்காரருக்குப் போதும். (தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் வட்டம் என்றால் தாலுகா, நெய்வேலியில் மட்டும் அது பிளாக்.) எந்த வட்டத்துக்குப் பக்கத்தில் எந்த வட்டம் என்று அங்கே யாரும் உட்கார்ந்து மனப்பாடம் செய்ததில்லை. சைக்கிளில் சுற்றிச் சுற்றியே பதிந்துபோன விஷயம்.

நினைவுக் கலையில் இதற்குப் பழைய பெயர் உண்டு: இடமுறை. தெரிந்த பாதையில் மனதுக்குள் நடந்துகொண்டே, ஒவ்வொரு இடத்திலும் நினைவில் வைக்க வேண்டியதை 'விட்டுவிட்டு' வருவது. ஆர்ச் கேட், மெயின் பஜார், நடராஜர் கோயில், வில்லுடையான்பட்டு முருகன் கோயில் என்று ஒரு பாதை போதும். ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு ரூலெட் எண்களைக் கட்டிப் போடலாம். வட்டங்களையே கொக்கியாக வைத்தால்தான் சிக்கல். 21-வது வட்டத்தில் 32-ஐ மாட்டினால் இரண்டு எண்ணும் மோதிக்கொள்ளும்.

இரண்டாவது வழி, எண்ணுக்கு ஏற்கெனவே மனதில் இருக்கும் பொருளைப் பிடித்துக்கொள்வது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இடது பக்கச் சக்கரம் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். 9, 22, 18: நவக்கிரகம், கிரிக்கெட் பிட்ச்சின் 22 கஜம், சபரிமலையின் 18 படி. அடுத்து 29, 7, 28, 12: லீப் வருஷ பிப்ரவரி, வாரத்தின் நாட்கள், சாதா பிப்ரவரி, வருஷத்தின் மாதங்கள். அதாவது ஒரு முழு காலண்டர். கடைசியாக 35, 3, 26: பத்தாம் வகுப்பு பாஸ் மார்க், முக்கனி, குடியரசு தினம். அதைத் தாண்டினால் பூஜ்ஜியம்.

வலது பக்கத்தில் இவ்வளவு அழகு இல்லை. 32 பல், ஆகஸ்ட் 15 வரை சரி. 19-க்கு என்ன சொல்வது? அதனால் பலர் அங்கே செல்போன் நம்பர் முறைக்குப் போகிறார்கள். முதல் ஆறு எண்களை ஒட்டி எழுதினால் 32151 94212. கரெக்டா பத்து இலக்கம்.

மூன்றாவது வழி எழுத்து. கர்நாடக இசையில் 72 மேளகர்த்தா ராகங்களுக்கு வைத்த பெயரிலேயே எண் ஒளிந்திருக்கும். 'கடபயாதி' என்ற அந்த முறையில் மேசகல்யாணியின் 'மே' 5, 'ச' 6. திருப்பிப் படித்தால் 65-வது மேளம். தமிழ் எழுத்தில் ஒரே 'த' பல ஒலிகளுக்கு நிற்பதால் இதை நேரடியாகப் பயன்படுத்துவது கஷ்டம். 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டிய கோட்டாறு செய்குத்தம்பி பாவலர் போன்ற அவதானிகள், கேள்விகளுக்குப் பதில் சொல்லியபடியே முதுகில் விழும் கற்களையும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு 37 எண்கள் ஒரு விஷயமே இல்லை.

யாருக்கு இது நிஜமாகவே தேவை?

டீலருக்கு. ரூலெட் மேசையில் வேலை பார்ப்பவருக்கு சக்கரம் தூக்கத்திலும் தெரிந்திருக்க வேண்டும். '17-ம் அதன் பக்கத்து எண்களும்' என்று ஒருவர் சொன்னால், 2, 25, 17, 34, 6 என்று யோசிக்காமல் காய்களை வைக்க வேண்டும். சக்கரத்தைப் பகுதிகளாகப் பிரித்துக் கட்டும் பிரெஞ்சு முறைப் பந்தயங்களும் உண்டு: பூஜ்ஜியத்தைச் சுற்றி 17 எண்கள், எதிர்ப் பக்கம் 12, இரண்டிலும் சேராத 'அனாதைகள்' 8. மேசை விரிப்பில் எண்கள் 1, 2, 3 என்று வரிசையாக இருப்பதால், சக்கரத்தின் வரிசை தலைக்குள் இருந்தே ஆக வேண்டும். கோவா, சிக்கிம், கொழும்பு என்று கேசினோ வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தொழில் பாடம்.

சரி, ஆடுபவருக்கு?

கணக்கைப் பார்க்கலாம். ஐந்து பக்கத்து எண்களில் தலா 100 ரூபாய், ஒரு சுற்றுக்கு 500. ஜெயித்தால் கட்டியதையும் சேர்த்து 3,600 கைக்கு வரும். 37 சுற்று ஆடினால் கட்டியது 18,500. சராசரியாக 5 முறை விழும், வருவது 18,000. போனது 500, அதாவது 2.7 சதவீதம். ஐந்து எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், சக்கரத்தின் ஐந்து மூலைகளில் சிதறிக் கிடந்தாலும் இந்தக் கணக்கில் ஒரு பைசா மாறாது. 0, 00 என்று இரண்டு பூஜ்ஜியம் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் எண்களின் வரிசையே வேறு, இழப்பும் 5.26 சதவீதம்.

2.7 சதவீதம் சும்மா சின்ன எண் மாதிரி தெரியும். செல்போனில் நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் கட்டுவது 30,000 ரூபாய். சராசரி இழப்பு 800-க்கு மேல். இதை ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தினமும் மூன்று மணி நேரம் ஆடுகிறவர், மாத முடிவில் எங்கே நிற்பார் என்று கணக்குப் போட மனப்பாடம் தேவையில்லை.

இன்னொன்று. செயலியில் ஓடும் பல ரூலெட்டுகளில் சக்கரமே கிடையாது. கணினி ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கும்; சுழல்வது வெறும் படம். அங்கே 17-க்குப் பக்கத்தில் 34 இருக்கிறது என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

பிறகு ஏன் இந்த டிரிக்ஸ் ஆடுபவரை இழுக்கிறது? உளவியலாளர் எல்லன் லாங்கர் 1975-ல் இதற்கு 'கட்டுப்பாட்டு மாயை' என்று பெயர் வைத்தார். அதிர்ஷ்டத்தில் நடக்கும் ஒன்றில் தன் திறமை கலந்த மாதிரி தோன்றினால், மனிதர் கூடுதல் தைரியத்தோடு பணம் வைப்பார். கஷ்டப்பட்டு 37 எண்ணை மனப்பாடம் செய்தவருக்கு அந்த உழைப்பே வலையாகிவிடுகிறது.

1967: 'ஞாபகம் தேவை' என்ற ஒரு காரணம்

இந்திய சூதாட்டச் சட்டத்தின் பெரிய சண்டையே நினைவாற்றலைச் சுற்றித்தான். 1967-ல் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை விளையாட்டு என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது, விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைக்க வேண்டும் என்பது. ரம்மி செயலிகள் இன்றுவரை தூக்கிப் பிடிக்கும் தீர்ப்பு அது.

அப்படியானால் ரூலெட்டுக்கும் ஞாபகம் வேண்டுமே? இங்கேதான் வித்தியாசம். ரம்மியில் ஒரு சீட்டு கீழே விழுந்தால், கட்டில் மீதம் இருப்பது மாறுகிறது. நினைவில் வைத்தவருக்கு அடுத்த முடிவில் ஒரு தகவல் கூடுதலாக இருக்கும். ரூலெட் பந்துக்கு நேற்று எங்கே விழுந்தோம் என்ற ஞாபகமே கிடையாது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோவில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. 'அடுத்தது சிவப்புதான்' என்று ஒவ்வொரு முறையும் கட்டியவர்கள் காலியானார்கள்.

தமிழ்நாட்டின் 2022 ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ரத்து செய்தது. அதிர்ஷ்ட விளையாட்டுகள் மீதான தடை அப்படியே நின்றது. ரூலெட் அந்தத் தடைக்குள்தான் வரும். ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் இந்த விவாதத்தையே ஓரங்கட்டியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவும் கூடாது என்கிறது அது. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. நடத்துபவர், விளம்பரம் செய்பவர் மீதுதான் நடவடிக்கை. விளம்பரத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். எதிர்த்துப் போட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

சக்கரத்தை ஜெயித்தவர்களே இல்லையா?

இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் நம்பியது இயற்பியலை. 1961-ல் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப்பும் தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானனும் உடம்பில் ஒளித்து வைக்கும் ஒரு குட்டிக் கணினி செய்து லாஸ் வேகாஸில் சோதித்தார்கள். பந்தின் வேகத்தை அளந்து சக்கரத்தின் எந்தப் பகுதியில் விழும் என்று அது சொல்லும். காதுக்குப் போன கம்பி அடிக்கடி அறுந்ததால் பெரிய தொகை கட்டவே முடியவில்லை. நெவாடா மாகாணம் 1985-ல் இப்படிப்பட்ட கருவிகளுக்குத் தடை போட்டது. 2004-ல் லண்டன் ரிட்ஸ் கேசினோவில் மூன்று பேர் 13 லட்சம் பவுண்ட் ஜெயித்தபோது, செல்போனில் லேசர் ஸ்கேனர் வைத்திருந்ததாகப் போலீஸ் சந்தேகித்துப் பிடித்தது. கடைசியில் வழக்கில்லாமல் விட்டது, பணமும் அவர்களுக்கே. இவை எல்லாமே கண் எதிரே நிஜச் சக்கரம் சுற்றும் இடத்தில் நடந்தவை. செல்போன் திரையில் அளக்க பந்தும் இல்லை, சக்கரமும் இல்லை.

ஆன்லைன் பண மோசடியில் சிக்கியவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை, தூக்கம் வரவில்லை என்றால் மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.